மறுகால் தண்ணி கீழத்தெருவுக்குள்ள ஏறுது: சுவர் கேக்குறதா, தண்ணி போற வழியைக் கேக்குறதா?

கல்லுப்பட்டறை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஆத்தங்குடிக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுது. அப்பா காலத்துல இருந்து தரைக்கல் வார்க்கிற பட்டறை வச்சிருக்கோம். ஊர்க்காரியமா ஒரு யோசனை வேணும். கொஞ்சம் நீளமாத்தான் வரும், பொறுத்துக்கங்க.

எங்க கண்மாய் நிரம்புனா மிச்சத் தண்ணி கலுங்குங்கிற கல்லுக்கட்டு வழியா வழிஞ்சு, மறுகாலாப் பாஞ்சு ஓடையில இறங்கும். ஓடை கீழத்தெருவை ஒட்டிப் போயி, ரோட்டுக்கு அடியில கடந்து, கிழக்க அடுத்த ஊர்க் கண்மாயில சேரும். நான் சின்னப்பயலா இருக்கையில மறுகால் பாஞ்சா ஊருக்கே திருநாள்தான், கிடா வெட்டிப் பொங்கல் வைப்பாங்க. இப்ப வானம் கருத்தா கீழத்தெருவுல நெல்லு மூட்டையைப் பரண்ல ஏத்த ஆரம்பிச்சுர்றாங்க.

ரோட்டுல முன்னாடி கருங்கல் பாலம் ஒண்ணு இருந்துச்சு. மூணு கண்ணு, ஒவ்வொண்ணும் நாலடி அகலம், நாலடி உயரம். கோடையில நாங்க அதுக்குள்ள குனிஞ்சு போயித்தான் விளையாடுவோம். ரோட்டை அகலப்படுத்தி மேடாக்குனப்ப அந்தப் பாலத்தைப் பேத்துட்டு, ரெண்டடிக் குழாய் ரெண்டைப் பதிச்சு மண்ணைப் போட்டு மூடிட்டாங்க. போன கார்த்திகையில ராத்திரி பூரா மழை. கருவை முள்ளும் வெங்காயத்தாமரையும் குழாய் வாயில வந்து அடைஞ்சுக்கிருச்சு. தண்ணிக்குப் போக வழியில்லாம ரோடு வரைக்கும் தேங்கி, பின்னால திரும்பித் தெருவுக்குள்ள ஏறிருச்சு.

ஆடு போச்சு, நெல்லு போச்சு, பிள்ளைக சர்டிபிகேட் ஊறிப் போச்சு. எல்லா ஊர்லயும் கேக்குற கதைதான். என் பட்டறையில நடந்ததை மட்டும் சொல்றேன். எங்க கல்லுக்குப் பாலிஷ் கிடையாது. பித்தளை அச்சைக் கண்ணாடி மேல வச்சு, சாயம் கலந்த சிமெண்டை ஊத்தி, மேல மணலும் சிமெண்டும் போட்டு அமுக்குவோம். அந்தக் கண்ணாடி முகம்தான் கல்லுக்குப் பளபளப்பா இறங்கும். வெள்ளம் வடிஞ்சு போயிப் பார்த்தா, அடுக்கி வச்ச கண்ணாடி உடையல. ஆனா இடுக்குல எல்லாம் மணல் புகுந்து அரைச்சு, முகம் பூரா கீறல். கீறல் விழுந்த கண்ணாடியில வார்த்தா அந்தக் கீறல் கல்லுலயும் விழும். ஒண்ணும் பயன்படல. சிமெண்டு மூட்டை எல்லாம் சாக்கோட இறுகிக் கிடந்துச்சு, கடப்பாரையாலதான் பேத்தோம். நிவாரணப் பட்டியல்ல வீடு இருக்கு, ஆடு மாடு இருக்கு. கண்ணாடிக்குக் கட்டம் இல்ல.

கலெக்டர் ஆபீஸ் திங்கக்கிழமை குறைதீர் கூட்டத்துல மனு குடுத்தோம். ரசீது வந்துச்சு. அதுக்குப் பிறகு ஒரு ஆபீஸ்ல ரோடு எங்களுது, ஓடை எங்களுது இல்லைங்கிறாங்க. இன்னொரு ஆபீஸ்ல கண்மாய் எங்களுது, பாலம் எங்களுது இல்லைங்கிறாங்க. கடைசியா ஒருத்தர் இரக்கப்பட்டு, கீழத்தெருப் பக்கம் ஓடைக்கரையில தடுப்புச்சுவர் கட்ட எழுதிப் போடுறேன்னாரு. ஊர்ல பாதிப்பேரு "வர்றதை வாங்கிக்குவோம்"ங்கிறாங்க. எனக்கு மனசு ஒப்பல. ஓடைக்கு எதிர்க்கரையிலயும் வீடு இருக்கு, அங்கன்வாடி இருக்கு. சுவர் வந்தா தண்ணி அங்கதான போகும்? இளவட்டம் சிலர் அடுத்த மழைக்கு ஜேசிபியை வச்சு ரோட்டை வெட்டிருவோம்னு பேசிக்கிட்டிருக்காங்க.

மார்ச் 22 கிராம சபை வருது. தீர்மானத்துல என்ன கேக்கணும், எப்படிக் கேக்கணும்? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

கண்மாய்க்கரை எழுதியது:

அண்ணே, நான் திருமயம் பக்கம். எங்க ஊர்லயும் இதே மாதிரி இழுபறி நடந்துச்சு, அதனால சொல்றேன். யார் ஆபீஸு யாருதுன்னு வாயால பேசிக்கிட்டிருந்தா காலத்துக்கும் முடியாது. காகிதத்தை எடுங்க.

கண்மாய்த் தண்ணி பாயுற நிலம், அதான் ஆயக்கட்டு, 40 ஹெக்டேருக்கு, அதாவது ஏறக்குறைய நூறு ஏக்கருக்கு மேல இருந்தா நீர்வளத்துறை. அதுக்குக் கீழன்னா ஊராட்சி ஒன்றியக் கண்மாய். இது ஏன் முக்கியம்னா ஆக்கிரமிப்பை எடுக்கிற சட்டமே மாறும். பொதுப்பணித்துறைக் கட்டுப்பாட்டுல இருந்த பெரிய கண்மாய்களுக்கு 2007 ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம். ஒன்றியக் கண்மாய், ஓடைப் புறம்போக்குக்கு 1905 நில ஆக்கிரமிப்புச் சட்டம். தப்பான சட்டத்தை எழுதி மனு குடுத்தா அதையே சாக்கு வச்சுத் திருப்பிருவாங்க.

அடுத்து ஓடையோட புலப்படத்தை, அதான் சர்வே எண்ணுக்கான அளவு வரைபடத்தை எடுங்க, இப்ப ஆன்லைன்லயே கிடைக்கும். கிராம நிலக் கணக்கான அ-பதிவேட்டுல அந்தச் சர்வே எண்ணு "ஓடை"ன்னு இருக்கா, "வாய்க்கால்"னு இருக்கா பாருங்க. 1980கள்ல யுடிஆர்னு நிலப் பதிவேட்டைப் புதுப்பிச்சப்ப ஓடை பட்டாவா மாறிப்போன இடம் நம்ம பக்கத்துல நிறைய. அதனால அதுக்கு முந்தின செட்டில்மெண்டுப் பதிவேட்டையும் கேட்டு வாங்கி, ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. பழைய படத்துல அளவு லிங்க்ஸ் கணக்குல இருக்கும், நூறு லிங்க்ஸ் 66 அடி. கையில டேப்போட ஓடையில இறங்கி நடந்து, எந்த இடத்துல அகலம் குறையுதுன்னு குறிங்க. எங்க ஊர்ல பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டுத்தான் நடந்தோம், போனுல எடுத்த படம் தேதியோட இருந்துச்சு. அதைத் தாசில்தார் மேசையில வச்சதுக்கு அப்புறந்தான் சர்வேயரே வந்தாரு.

பாலத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்துல ஒரு மனு போடுங்க. பத்து ரூபா கோர்ட் பீ ஸ்டாம்ப், 30 நாள்ல பதில் வரணும். கேள்வி சின்னதா இருக்கட்டும்: பழைய பாலத்தை எடுத்தப்ப போட்ட மதிப்பீட்டு நகல், புதுக் குழாய் வழியா எவ்வளவு தண்ணி போகும்னு போட்ட கணக்கு நகல். கணக்கே போடலைன்னா அதுவே உங்களுக்குப் பெரிய ஆதாரம்.

ரோட்டை மட்டும் வெட்ட விடாதீங்க. வெட்டுன மறுநாள் பேச்சு பூரா வழக்குல போயிரும், தண்ணியைப் பத்தி ஒருத்தரும் பேச மாட்டாங்க.

ஓய்வு பொறியாளர் எழுதியது:

நீங்கள் கொடுத்த அளவை வைத்துப் பார்த்தேன். பழைய பாலத்தின் திறப்பு 3 × 4 × 4 = 48 சதுர அடி. இரண்டடிக் குழாய் ஒன்றின் திறப்பு 3.14 சதுர அடி, இரண்டும் சேர்ந்து 6.28. ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான் மிச்சம். அதிலும் குழாய் வாயில் ஒரு முட்கிளை குறுக்கே விழுந்தால் போதும், மற்ற குப்பையை அதுவே பிடித்து நிறுத்திவிடும். நாலடிக் கண்ணில் அந்தக் கிளை உருண்டு வெளியே போய்விடும். திறப்பின் மொத்தப் பரப்பு எவ்வளவு முக்கியமோ, ஒவ்வொரு கண்ணின் அளவும் அவ்வளவு முக்கியம். எனவே "கூடுதல் குழாய்" என்று எழுதிவிடாதீர்கள். "பெட்டிப் பாலம், பழைய திறப்புக்குக் குறையாமல்" என்று எழுதுங்கள்.

மழைக்கணக்கும் ஒன்று சொல்கிறேன், கூட்டத்தில் பயன்படும். ஒரு சதுர கிலோமீட்டரில் 10 செ.மீ. மழை பெய்தால் அது 10 கோடி லிட்டர். நம் பக்கம் பல இடங்களில் மேல்மண் கொஞ்சம்தான், அடியில் செம்பூரான் பாறை. கார்த்திகையில் நிலம் ஏற்கெனவே ஊறியிருக்கும். கண்மாயும் நிரம்பிவிட்டால் பெய்வதில் பெரும்பகுதி அப்படியே ஓடைக்குத்தான் வரும்.

தடுப்புச்சுவர் பற்றிய உங்கள் சந்தேகம் நியாயமானது. எதிர்க்கரை பாதிக்கும் என்பது ஒன்று. இன்னொன்றையும் பாருங்கள்: கீழத்தெருவில் பெய்கிற மழை ஓடைக்கு வடிய வேண்டும். சுவர் கட்டினால் அந்தத் தண்ணீர் உள்பக்கமே நிற்கும். பாலத்தைச் சரிசெய்யாமல் சுவர் கட்டுவதை நான் ஏற்கமாட்டேன்.

ஒரு கேள்வி. கலுங்கின் மேல் மண்மூட்டை அடுக்குகிறார்களா?

கீழக்கண்மாய் எழுதியது:

உங்களுக்குக் கீழ இருக்கிற கண்மாய்ச் சங்கிலியில ஒரு ஊர்க்காரன் எழுதுறேன். உங்க கஷ்டம் புரியுது. ஆனா அந்த ரெண்டு குழாயால இப்ப மெதுவா வர்ற தண்ணி, நாளைக்கு 48 சதுர அடி வழியா ஒரே மூச்சுல வந்தா எங்க கரை தாங்குமா? எங்க கலுங்குல ஒரு பக்கம் கல்லு பேந்து கெடக்கு. கண்மாய்க்குத் தண்ணி வர்ற வரத்துக்கால்ல ஆள் உயரத்துக்குக் கருவை. உங்க ஊர் தீர்மானத்துல எங்க ஊர் பேரே வராதுன்னா, நாங்க எதிர்த் தீர்மானம் போடுவோம். கோவத்துல சொல்லல. எங்க பக்கமும் கரையோரம் வீடு இருக்கு.

கல்லுப்பட்டறை எழுதியது:

கண்மாய்க்கரை தம்பி, பொறியாளர் ஐயா, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. 48க்கு 6ங்கிற கணக்கை நேத்துச் சாயங்காலம் டீக்கடையில கரித்துண்டால எழுதிக் காட்டுனேன். சுவரே போதும்னு சொல்லிக்கிட்டிருந்த பெரியவர் ஒருத்தர் "அப்ப மிச்சத் தண்ணி எங்கய்யா போகும்?"னு கேட்டாரு. அந்தக் கேள்வி ஊருக்குள்ள இறங்குனதே பெரிய காரியம்.

ஐயா கேட்டது சரி. மூட்டை அடுக்குறாங்க. ஆயக்கட்டுக்காரங்களைக் குறை சொல்லவும் முடியல. தை மாசக் கடைசியில பால் பிடிக்கிற பயிருக்கு ஒரு தண்ணி குறைஞ்சா மொத்தமும் பதராப் போகும், அந்தப் பயத்துலதான் ஒரு அடி கூட நிப்பாட்டுறாங்க. கண்மாய் உள்வாய் மேடு தட்டிப் போச்சு, முன்ன மாதிரி தண்ணி பிடிக்கல. மூட்டையை எடுன்னு சண்டைக்குப் போறதை விட, வண்டலை எடுத்து ஆழப்படுத்துனா மூட்டை எதுக்குன்னு பேசலாம்னு இருக்கோம்.

கீழக்கண்மாய் அண்ணே, நீங்க எழுதுனதைப் படிச்சுட்டு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. எங்க தெருவுக்குச் சுவர் கட்டுனா எதிர்க்கரைக்காரன் என்ன ஆவான்னு கேட்ட நானு, உங்க ஊரைக் கேக்காம இருந்தா எப்படி? நம்ம தண்ணி எல்லாம் கிழக்க சரிஞ்சு, கண்மாய் கண்மாயா இறங்கிக் கடைசியில பாக் நீரிணைக்குத்தான் போகுது. நடுவுல ஒரு ஊர் மட்டும் தப்பிச்சுக்கிற வழி கிடையாது. வேலை எந்தப் பக்கத்துல இருந்து ஆரம்பிக்கணும்னு ஐயா சொல்லணும்.

ஓய்வு பொறியாளர் எழுதியது:

கீழிருந்து மேலே. முதலில் கீழ்க் கண்மாயின் கலுங்கும் கரையும், பிறகு அதன் வரத்துக்கால், கடைசியில் உங்கள் பாலம். மேலே முதலில் திறந்தால் அவர் பயப்படுவதுதான் நடக்கும். எல்லாவற்றையும் ஐப்பசி பிறப்பதற்கு முன் முடிக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் ஓடைக்குள் எந்த இயந்திரமும் இறங்க முடியாது.

கலுங்கு மட்டத்தை மூட்டை வைத்து உயர்த்துவது ஆபத்து. நீர் மட்டத்துக்கும் கரை உச்சிக்கும் இடையே விட்டிருக்கும் உயரம் கரையைக் காப்பதற்கானது. அதில் ஓரடி போனால், பெருமழையில் தண்ணீர் கரை மேலேயே வழியும், வழிகிற இடத்தில் மண் கரைந்து உடையும். மறுகாலாக வரவேண்டிய தண்ணீர் அப்போது உடைப்பாக வரும். வண்டல் யோசனை நல்லது. ஒரு ஏக்கரில் ஓரடி மண் எடுத்தால் 12 லட்சம் லிட்டருக்கு மேல் இடம் கிடைக்கும். விவசாயத்துக்கும் மண்பாண்டத்துக்கும் வண்டல் எடுக்க 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி தரலாம். மடைக்கும் கரை அடிவாரத்துக்கும் பக்கத்தில் மட்டும் தோண்ட விடாதீர்கள்.

வளவு வீடு எழுதியது:

நான் இருக்கிறது சென்னையில, பூர்வீக வீடு உங்க பக்கத்து ஊர்லதான். நம்ம செட்டிநாட்டுப் பெரிய வீடுகளைத் தெருவுல இருந்து அத்தனை படி ஏத்திக் கட்டுனதுக்கு, பூம்புகார்ல கடல் கொண்ட நினைப்புன்னு எங்க அப்பத்தா சொல்வாங்க. அது கதையோ நிஜமோ, தெருத்தண்ணி பூரா ஊருணிக்குப் போற மாதிரி வாட்டம் வச்சிருந்தது நிஜம். எங்க தெருவுல சிமெண்டு ரோட்டு மேல சிமெண்டு ரோடாப் போட்டு, ஊருணி வாய்க்கால் மூடிப் போச்சு. மழை பெஞ்சா ஊருணி காய்ஞ்சு கிடக்கு, தண்ணி பள்ளத்துத் தெருவுக்கு ஓடுது. உங்க ஊர்லயும் மேலத்தெருத் தண்ணி எங்க போகுதுன்னு பாருங்க. பூட்டிக் கிடக்கிற வீட்டுக்காரங்க கிட்ட கையெழுத்து வேணும்னா எங்க ஆளுங்க வழியா நான் வாங்கித் தர்றேன்.

கல்லுப்பட்டறை எழுதியது:

வளவு வீட்டு அண்ணே, அப்படியேதான் எங்க ஊர்லயும். ஊருணி வாய்க்காலையும் சேத்துக்கிட்டோம், நன்றி.

தீர்மான வாசகத்தை ஊர்ல நாலு பேர் உக்காந்து இப்படி எழுதியிருக்கோம். படிச்சுட்டுத் திருத்துங்க:

"எங்கள் கண்மாயின் மறுகால் ஓடையைச் செட்டில்மெண்டு பதிவேட்டில் உள்ள அகலப்படி அளந்து, எல்லைக்கல் நட்டு, ஆக்கிரமிப்பும் கருவையும் அகற்ற வேண்டும். சாலையில் உள்ள இரண்டு குழாய்களை எடுத்துவிட்டு, பழைய கருங்கல் பாலத்தின் 48 சதுர அடிக்குக் குறையாத திறப்பில் பெட்டிப் பாலம் கட்ட வேண்டும். அதற்கு முன்பாகக் கீழ்க் கண்மாயின் கலுங்கு, கரை, வரத்துக்காலைச் சீரமைக்க வேண்டும். மேலத்தெரு மழைநீர் ஊருணியில் சேரும்படி மூடிய வாய்க்காலைத் திறக்க வேண்டும். கண்மாய் உள்வாயில் வண்டல் எடுக்க அனுமதி வேண்டும். வண்டல் எடுத்தபின் கலுங்கின் மேல் மூட்டை அடுக்குவதில்லை என ஆயக்கட்டுதாரர்கள் ஒப்புக்கொள்கின்றனர். இவை முடியும்வரை தடுப்புச்சுவர் வேண்டாம்."

கடைசி வரியில இன்னும் ரெண்டு வீட்டுக்காரங்க சம்மதிக்கல. வர்ற சுவரை ஏன் விடணும்னு கேக்குறாங்க, அவங்க வீட்டுலதான் இடுப்பளவு தண்ணி நின்னுச்சு. அவங்க கிட்ட நானே போயிப் பேசுறேன். கீழக்கண்மாய் அண்ணே, ஞாயித்துக்கிழமை காலையில கலுங்குல இருந்து உங்க கண்மாய் வரைக்கும் ஓடையில நடந்து அளக்கப் போறோம். உங்க ஊர்ல இருந்து ரெண்டு பேரு வாங்க. டேப்பு எங்க கிட்ட இருக்கு, உங்க பக்கத்துப் புலப்படத்தை மட்டும் கொண்டாங்க.

கீழக்கண்மாய் எழுதியது:

வர்றோம். கருவை வெட்ட அருவாளும் எடுத்துட்டு வர்றோம். தீர்மானத்துல எங்க ஊர் பேரை முழுசா எழுதுங்க, "கீழ்க் கண்மாய்"னு மட்டும் போட்டா ஆபீஸ்ல எந்தக் கண்மாய்னு கேப்பாங்க.