புதுப்பிப்பு: ஹைபிரிட் கார் வாங்கலாமா என்று கேட்டிருந்தேனே

மார்த்தாண்டத்திலிருந்து தினமும் நாகர்கோவில் போய்வர ஹைபிரிட் கார் (பெட்ரோல் எஞ்சினோடு பேட்டரியில் ஓடும் மோட்டாரும் உள்ள கார்) வாங்கினால் போட்ட காசு திரும்புமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஓட்டிப் பார்த்தேன், கணக்கும் போட்டாயிற்று.

குழித்துறை, தக்கலை நெரிசலில் வண்டி ஊர்ந்தபோது எஞ்சின் முக்கால்வாசி நேரம் அணைந்தே கிடந்தது. பிரேக் மிதிக்க மிதிக்க பேட்டரி ஏறுகிறது. நம்ம ஊர் ரோட்டுக்கென்றே செய்த மாதிரி இருந்தது, நிஜமாகவே ஆசை வந்துவிட்டது.

சரி, காசுக்கு வருவோம். அதே வண்டியின் சாதாரண பெட்ரோல் மாடலைவிட சுமார் 3 லட்சம் கூடுதல். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் பெட்ரோலுக்கும் 23 ஹைபிரிட்டுக்கும் வைத்துக்கொண்டேன். விளம்பரத்தில் வரும் 27.97ஐ நான் நம்பிக் கணக்குப் போடவில்லை. பெட்ரோல் 100 ரூபாய் என்றால், வருடம் 12,000 கிலோமீட்டர் ஓடுபவருக்கு மிச்சம் ஏறக்குறைய 23,000 ரூபாய்தான். 3 லட்சம் திரும்ப 13 வருடம்! எனக்கு ஓட்டம் 25,000 வரும். ஆறரை வருடத்துக்குள் திரும்பிவிடும். பேட்டரிக்கு 8 வருட உத்தரவாதமும் உண்டு.

அதனால் நான் வாங்கப்போகிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வண்டி எடுப்பவர்கள் தயவுசெய்து வாங்காதீர்கள். அப்புறம், ‘மைல்டு ஹைபிரிட்’ என்று எழுதியிருப்பது வேறு சாதனம்; அது பேட்டரியில் மட்டும் ஓடாது. ஷோரூமில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். டிக்கியையும் திறந்து பாருங்கள், பேட்டரி கொஞ்சம் இடத்தைப் பிடித்திருக்கும்.