கலாத்தியா குருத்து விரியாமலே கருகுகிறது

கலாத்தியா ஆர்பிஃபோலியா என்ற அலங்கார இலைச்செடி, 6 அங்குலத் தொட்டி, கிழக்கு ஜன்னலிலிருந்து 4 அடி உள்ளே. மூன்று வாரமாகப் புதுக் குருத்து சுருள் பிரியாமலே நுனியிலிருந்து கருகுகிறது. இரண்டு போய்விட்டன, மூன்றாவதும் அதே வழியில்.

வேர் வெள்ளையாக, உறுதியாக இருக்கிறது. ஈரப்பதம் 60%. ஆர்ஓ தண்ணீர்தான். கருகிய சுருளைப் பிரித்தால் உள்ளே வெள்ளிக் கீறல், மிளகுத்தூள் தூவினாற்போல் கறுப்புப் புள்ளி. வலையும் இல்லை, ஆக சிலந்திப்பேன் அல்ல, இலைச்சாறு உறிஞ்சும் நுண்பூச்சியான இலைப்பேன் (thrips).

லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சோப்புக் கரைசலோடு, ஐந்து நாளுக்கு ஒருமுறை நான்கு தடவை அடித்தாயிற்று. கூட்டுப்புழு மண்ணில் இருக்குமே என்று மேல்மண்ணையும் 2 அங்குலம் மாற்றினேன். விரிந்த இலைகள் சுத்தம். மூடிய சுருளுக்குள்தான் தெளிப்பு எட்டவில்லை.

செடிக்குள் ஊடுருவிப் பரவும் பூச்சிமருந்து வீட்டுக்குள் வேண்டாம் என்றால், குருத்துக்குள் ஒளிந்திருப்பதை எப்படி ஒழிப்பது?