மேசை விளக்குக்கு எத்தனை வாட் பல்பு போடலாம்?

படிக்க வைத்திருக்கும் மேசை விளக்கில் பல்பு போய்விட்டது. ஹோல்டர் பக்கத்தில் 'அதிகபட்சம் 40 வாட்' என்று ஒரு ஸ்டிக்கர், ஓரம் கருகிப் பாதி உரிந்து நிற்கிறது. அது பழைய குண்டு பல்புக் காலத்துக் கணக்கு. இப்போது 9 வாட் எல்இடியே பழைய 60 வாட் அளவுக்கு, சுமார் 800 லூமன் வெளிச்சம் தருகிறதே. அப்படியென்றால் 12 வாட் போட்டாலும் வரம்புக்குள்தான், சரி.

என் சந்தேகம் வேறு. விளக்கின் கூம்பு மேலே மூடிய தகரம். சூடு வெளியேற வழியே இல்லை. எல்இடிக்குச் சூடுதான் எமன். இதில் 12 வாட் தாங்குமா, 9 போதுமா? அப்புறம், ராத்திரி படிக்க 2700 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) மஞ்சள் ஒளி நல்லதா, 4000 வெள்ளை நல்லதா? 6500 நீல வெள்ளை வேண்டாம், கண் கூசுகிறது. மூடிய விளக்கில் எல்இடி போட்டவர்கள் சொல்லுங்களேன்.