மொட்டை மாடியில் கட்டிக் கிடக்கும் நாய்: என்ன செய்யலாம்?

வணக்கம். சென்னையில் எங்கள் பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் ஒரு லாப்ரடார் இரண்டு மாதமாகச் சங்கிலியிலேயே கிடக்கிறது. தண்ணீர்த் தொட்டியின் நிழல் நகர நகர அதுவும் நகர்கிறது. உச்சி வெயிலில் அந்த நிழலும் இல்லை. நேற்று எட்டிப் பார்த்தேன், கிண்ணத்தில் காய்ந்த பாசிதான் இருந்தது. கழுத்துப் பட்டைக்கு அடியில் புண். குட்டியாக இருந்தபோது பிள்ளைகள் மடியை விட்டு இறக்காத நாய் அது! கேட்டால், "வீட்டுக்குள்ள முடி கொட்டுதுங்க" என்கிறார் அந்த அண்ணன்.

1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவுப்படி இது குற்றம். ஆனால் முதல் தடவை அபராதம் அதிகபட்சம் 50 ரூபாய்தான்.

இப்படிப் பேசிச் சரிசெய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அவர் கொடுக்கச் சம்மதித்தால் வளர்க்க ஒரு நல்ல வீடும் வேண்டும். வெயில் ஏறுகிறது, சீக்கிரம் சொல்லுங்கள்.