புல் விதை போட்டு மூன்று வாரம், முளைக்கவே இல்லை. உதவுங்கள்

புதியவன்:
வீட்டு வாசல் புல்தரை திட்டுத்திட்டாக மண் தெரிகிறது. விதை தூவி யூரியாவும் போட்டேன். ஒன்றும் வரவில்லை, இருந்த புல்லும் மஞ்சளடிக்கிறது. அடுத்த மாதம் தங்கச்சிக்குக் கல்யாணம், வாசலில்தான் பந்தல். அவசரம்.

பண்டாரவளை அக்கா:
எந்த ஊர் தம்பி? எத்தனை பேர்ச்சுக்கு எவ்வளவு யூரியா? விதையும் யூரியாவும் ஒரே நாளா?

மலைத்தோட்டம்:
மண் புளிப்பு, வேறொன்றுமில்லை. தேயிலை நின்ற மண் அப்படித்தான். டொலமைட் சுண்ணாம்புத்தூள் போடுங்கள்.

புதியவன்:
ஹட்டன். இரண்டு பேர்ச், யூரியா இரண்டு கிலோ. ஒரே நாள்தான். அன்று பின்னேரமே பெருமழை, அதனால் தண்ணீர் ஊற்றவில்லை.

பழைய கை:
இதை எத்தனை தடவை சொல்வது? போடுவதற்கு முன்னால் கணக்குப் பார்க்க வேண்டும். ஒரு பேர்ச் 25 சதுர மீட்டர், 250 கிராம் தாராளம். நீங்கள் நாலு மடங்கு கொட்டியிருக்கிறீர்கள், யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன், புல் கருகாமல் என்ன செய்யும்? இப்போது டொலமைட்டும் போட்டால் அந்த நைட்ரஜன் அமோனியாவாகப் பறந்துவிடும்.

மலைத்தோட்டம்:
சேர்த்துப் போடச் சொன்னேனா? என்னைக் கேட்டால் யூரியாவே வேண்டாம், மக்கிய மாட்டெரு போதும்.

பழைய கை:
2021இல் இலங்கையில் இரசாயன உரத்தைத் தடுத்தார்களே, மறந்துவிட்டதா? அந்த வருடம் 299 மில்லியன் கிலோவாக இருந்த தேயிலை 2022இல் 251 மில்லியனுக்கு இறங்கியது. கொழுந்து இல்லாமல் அம்மா அரைப்பேருக்கு, அதாவது அரைநாள் சம்பளத்துக்கு, மலை ஏறி இறங்கியதைப் பார்த்தவன் நான்.

மலைத்தோட்டம்:
ஒரே ராத்திரியில் நிறுத்தியதுதான் பிழை, மாட்டெரு என்ன செய்தது?

பண்டாரவளை அக்கா:
உரச்சண்டை இருக்கட்டும். தம்பி, வாசல் சரிவா? மண்ணைக் கிளறினீர்களா, இறுகிய தரையில் அப்படியே தூவினீர்களா? எங்கள் வீட்டிலும் முதல்முறை விதை போன இடம் தெரியவில்லை. அப்புறம் ஒரு அங்குலம் கிளறி, விதை தூவி, சலித்த மண்ணை மெல்லிசாகப் போட்டு, மேலே சணல் சாக்கு விரித்து ஓரங்களில் மூங்கில் குச்சி அடித்தேன், எந்த மழைக்கும் அசையவில்லை. முளை தலைகாட்டியதும் சாக்கை எடுத்துவிட வேண்டும், பிந்தினால் வெளுத்துப்போகும். யூரியா இப்போது வேண்டாம்.

புதியவன்:
அக்கா, போய்ப் பார்த்தேன். சரிவுதான், கிளறவும் இல்லை. கீழே தண்ணீர் ஓடும் கானுக்குள் ஒதுங்கிய மண்ணில் தலைமயிர் மாதிரி பச்சையாக, இரண்டு முழத்துக்கு அடர்த்தியாய் முளைத்து நிற்கிறது. சாக்கு தேடப் போகிறேன்.