நாஸிஆத்தில் தொடங்கி அபஸவில் முடிக்கிறேன்! மனனம் செய்தது தங்க என்ன வழி?

தாமதமாகத் தொடங்கியவன்:

அஸ்ஸலாமு அலைக்கும். எனக்கு வயது 41. குர்ஆனைப் பார்த்து ஓதத் தெரியும், அரபு மொழி தெரியாது. எட்டு மாதத்துக்கு முன்னால் 30-வது ஜுஸ்வை (குர்ஆனின் முப்பது பாகங்களில் கடைசியை) மனனம் செய்யத் தொடங்கினேன். கடைசி ஸூராவான (அத்தியாயமான) நாஸிலிருந்து பின்னோக்கி வந்து, அந்த ஜுஸ்வின் முதல் ஸூராவான நபஃ வரை பாடமாகிவிட்டது. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் ஒரு ராத்திரி தனியாகத் தொழும்போது நாஸிஆத் ஸூராவை ஓதினேன். எங்கேயும் தடங்கல் இல்லை. முடிக்கும்போது வாயில் வந்தது 'உலாஇக ஹுமுல் கஃபரத்துல் ஃபஜரா'. அது அடுத்த ஸூராவான அபஸவின் கடைசி ஆயத்து (வசனம்)! எங்கே தடம் மாறினேன் என்றே தெரியவில்லை. மறுநாள் மனைவியிடம் குர்ஆனைக் கொடுத்து ஓதிக் காட்டினேன். 'மதாஅல்லகும் வலிஅன்ஆமிகும்' தாண்டி ஒரு ஆயத்துதான் ஓதியிருப்பேன். "நிறுத்துங்க, இது வேற ஸூரா" என்றாள். சரி, மற்றதையும் பார்ப்போம் என்று ஓதினால் பய்யினா பாதிதான் வருகிறது. ஃபஜ்ர் ஸூரா நடுவில் கழன்றுபோயிருக்கிறது.

தினமும் வேலைக்குப் போகும் வழியில் ஃபோனில் பார்த்து மூன்று ஆயத்து மனனம் செய்வேன். பழையதை ஓதவேண்டும் என்று தெரியாமல் இல்லை. புதுசில் இருக்கிற ருசி அதில் இல்லை, அவ்வளவுதான். 29-வது ஜுஸ்வை ஆரம்பிக்கலாமா, இல்லை இந்த வயதில் இது நமக்கு ஆகாது என்று விட்டுவிடலாமா?

தராவீஹ் ஹாஃபிழ்:

வஅலைக்குமுஸ்ஸலாம். விடவும் வேண்டாம், 29-ஐத் தொடவும் வேண்டாம். குர்ஆன் மனனத்தைக் கட்டிப்போட்ட ஒட்டகத்துக்கு ஒப்பிட்டு நபி (ஸல்) சொன்ன ஹதீஸ் புகாரி தொகுப்பில் இருக்கிறது: கவனித்துக்கொண்டால் நிற்கும், அவிழ்த்துவிட்டால் போய்விடும். முழுக் குர்ஆனும் மனனமான எங்களுக்கே ரமளானுக்கு முந்தின ஷஃபான் மாதம் வந்தால் வயிற்றைக் கலக்கும். ரமளான் இரவுத் தொழுகையான தராவீஹில் ஜமாஅத் முன்னால் நின்று ஓதவேண்டுமே!

நீங்கள் விழுந்த இடம் எல்லாரும் விழுகிற இடம்தான். நாஸிஆத்தின் 33-வது ஆயத்தும் அபஸவின் 32-வது ஆயத்தும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. அபஸவை நீங்கள் முதலில் மனனம் செய்திருக்கிறீர்கள், நாக்குக்கு அதுதான் பழகின பாதை. அடுத்த ஆயத்தில் நாஸிஆத்துக்கு 'தாம்மத்துல் குப்ரா', அபஸவுக்கு 'ஸாக்ஃகா'. ஒரு பிடி சொல்கிறேன்: மூஸா நபி ஃபிர்அவ்னுக்குக் காட்டியது 'ஆயத்தல் குப்ரா', அது நாஸிஆத்தின் 20-வது ஆயத்து. குப்ரா வந்த ஸூராவில்தான் மறுபடியும் குப்ரா வரும்.

ஐந்து ஜுஸ்வுக்காரி:

எனக்கு ஐந்து ஜுஸ்வு மனனமாகி, வீட்டுச் சூழ்நிலையால் இரண்டு வருடம் விட்டு, மூன்று ஜுஸ்வைத் தொலைத்தவள் நான். திரும்பப் பிடிக்க ஒன்றரை வருடம் ஆனது. அதனால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் அந்த ஃபோனை வையுங்கள். திரையில் எழுத்தைப் பெரிசாக்கித் தள்ளிக்கொண்டே போனால் ஆயத்துக்கு இடமே கிடையாது, எல்லாம் ஒரே நீள ஓடை. அச்சிட்ட முஸ்ஹஃப் (குர்ஆன் பிரதி) ஒன்று, எப்போதும் அதே ஒன்று. என்னுடையது 604 பக்கம், பக்கத்துக்கு 15 வரி உள்ள மதீனா முஸ்ஹஃப். அதில் நாஸிஆத் 583, 584 என்று இரண்டு பக்கத்தில் பரவியிருக்கும். அபஸ 585-வது பக்கத்தில் மொத்தமாக அடங்கிவிடும். நான் தாம்மாவை ஓதும்போது இடது பக்கம் கண்ணில் நிற்கும், ஸாக்ஃகாவுக்குத் தாளைத் திருப்பி வலது பக்கம். நாக்கு ஏமாந்தாலும் கண் எடுத்துக்கொடுக்கும்.

அடுத்தது, புதுப் பாடத்தை நிறுத்துங்கள். நபஃவிலிருந்து நாஸ் வரை 23 பக்கம். தினமும் 4 பக்கம் என்றால் 6 நாளில் ஒரு சுற்று வந்துவிடும். தனியாக நேரம் தேடாதீர்கள், கிடைக்காது. அன்றைய 4 பக்கத்தைச் சுன்னத் (கடமையல்லாத) தொழுகைகளில் பங்குபோட்டு ஓதுங்கள். தொழுகையில் எட்டிப் பார்க்க வழியில்லை, எது தளர்ந்திருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்ததும் முஸ்ஹஃபைத் திறந்து, தடுமாறின இடத்தில் பென்சிலால் சின்னப் புள்ளி வைப்பேன். மூன்று புள்ளி விழுந்த ஆயத்தைத் தனியாக எடுத்து, முந்தின ஆயத்தின் கடைசிச் சொல்லோடு சேர்த்து ஒரே மூச்சில் இருபது தடவை. மறதி பெரும்பாலும் ஆயத்துக்குள் வருவதில்லை, இரண்டு ஆயத்து சேரும் மூட்டில்தான் வரும்.

மாதவிடாயால் தொழுகை இல்லாத நாட்களில் எகிப்தியக் காரி (குர்ஆன் ஓதுபவர்) ஷைக் ஹுஸரியின் ஓதல் பதிவைக் கேட்டுக்கொண்டே மனசுக்குள் ஓட்டுவேன். அவர் நிதானமாக ஓதுவதால் அடுத்த சொல்லை நாம் முந்திக்கொண்டு நினைக்க முடியும்.

ருசி இல்லை என்றீர்களே, அது உண்மைதான். எனக்கும் ஆறாவது வாரத்தில்தான் வந்தது.

புதியவள்:

நான் தக்வீர் ஸூராவையும் இன்ஃபிதார் ஸூராவையும் குழப்பிக்கொள்கிறேன். கடல் வரும் ஆயத்து ஒன்றில் 'ஸுஜ்ஜிரத்', இன்னொன்றில் 'ஃபுஜ்ஜிரத்'. இதற்கும் பிடி இருக்கிறதா?

தராவீஹ் ஹாஃபிழ்:

இருக்கிறது. இன்ஃபிதாரில் பின்னால் 'ஃபுஜ்ஜார்' வரும். ஃபுஜ்ஜார் இருக்கிற ஸூராவில் ஃபுஜ்ஜிரத்.

தாமதமாகத் தொடங்கியவன்:

மூன்று வாரம் ஆகிறது. முஸ்ஹஃப் வாங்கிவிட்டேன், புள்ளிகளும் நிறைய விழுந்திருக்கின்றன (பய்யினாவில் மட்டும் ஏழு). நேற்று இஷாவுக்குப் பிறகு நாஸிஆத்தை நாஸிஆத்தாகவே முடித்தேன். மனைவிதான் சரிபார்த்தாள்.

ஆனால் புதுசாக ஒன்று கிளம்பியிருக்கிறது. முதஃப்பிஃபீனில் 'இன்னல் அப்ரார லஃபீ நஈம்' வந்ததும் நாக்கு இன்ஃபிதாருக்கு ஓடி 'வஇன்னல் ஃபுஜ்ஜார' என்கிறது.

ஐந்து ஜுஸ்வுக்காரி:

அதே மூட்டு வைத்தியம்தான். முந்தின ஆயத்து 'யஷ்ஹதுஹுல் முகர்ரபூன்'. அதிலிருந்து பிடித்து, அடுத்த ஆயத்தின் தொடக்கமான 'அலல் அராஇகி' வரை நிறுத்தாமல் இருபது தடவை. பென்சில் புள்ளி மறக்காதீர்கள்.