ஆர்டர் முடிஞ்சு வந்தாச்சு, பழைய வேலைய தரமாட்டேங்கறாங்க (அவசரம்)

கார்டு_கண்ணன்
எல்லாருக்கும் வணக்கம், அவசரமா கேக்கறேன் மன்னிக்கவும். பட்டாள டியூட்டி ஆர்டர் முடிஞ்சு போன மாசம் வீட்டுக்கு வந்தேன், எப்ப வேலைக்கு வரட்டும்னு மேனேஜருக்கு போன் போட்டா உங்க இடத்துல வேற ஆள் வந்தாச்சு, அவர தூக்க முடியாது, வேணும்னா சப்போர்ட் டீம்ல ஒரு இடம் இருக்கு ஆனா சம்பளம் கம்மிங்கறார். ஒரு பேப்பர் அனுப்பியிருக்காங்க, வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்து போட்டு அனுப்பணுமாம். போடலாமா வேணாமா? யாராவது சொல்லுங்க ப்ளீஸ்

சிங்கை_செல்வா
என்ன ப்ரோ இது, ரிசர்விஸ்ட் பயிற்சிக்கு போயிட்டு வந்தவன வேலைய விட்டு தூக்கவே முடியாதே. எங்க சிங்கப்பூர்ல என்லிஸ்ட்மென்ட் ஆக்ட்னு பட்டாள சேவை சட்டம் இருக்கு, முதலாளி லீவு குடுத்தே ஆகணும். மின்டெஃப்ல (பாதுகாப்பு அமைச்சகம்) ஒரு கம்ப்ளைன்ட் போடுங்க. மேக்கப் பே ஒழுங்கா வந்துச்சா?

நடுராத்திரி_நாயகன்
மேக்கப்புக்கு எதுக்குய்யா பட்டாளத்துல காசு குடுக்கறாங்க

சிங்கை_செல்வா
யோவ், பயிற்சிக்கு போற நாள்ல நம்ம சம்பளம் போகுதுல்ல, அத அரசாங்கம் ஈடுகட்டற பணம் அது. பவுடர் வாங்க இல்ல.

கோவை_டிஏ
நான் இந்தியாவுல டெரிடோரியல் ஆர்மி, வேற வேலை பாத்துக்கிட்டே பட்டாளத்துலயும் இருக்கறவங்க. நம்ம 1948 சட்டத்துலயே 7ஏ பிரிவு இருக்குங்க, சர்வீஸ் முடிஞ்சு வர்றவங்கள பழைய வேலையில திரும்ப சேத்துக்கணும்னு. எந்த பட்டாலியன்ங்க நீங்க?

பழம்_தின்னவர்
கேள்வி கேக்கறதுக்கும் ஒரு முறை இருக்கு தம்பி. எந்த நாடு, எத்தன நாள் டியூட்டி, எத்தன பேர் இருக்கற கம்பெனி, ஒன்னுத்தையும் காணோம். டாக்டர்கிட்ட போய் வலிக்குதுன்னு மட்டும் சொல்லிட்டு உக்காந்தா அவர் எங்க ஊசி போடுவார்? பத்து வருஷமா பாக்கறேன், எல்லாரும் இதே கதைதான். பதில் சொல்றவங்களும் அவங்கவங்க ஊர் சட்டத்த தூக்கிட்டு வந்துடறீங்க.

கார்டு_கண்ணன்
ஸாரி ஸாரி. அமெரிக்கா. ஆர்மி நேஷனல் கார்டு, வேற வேலை பாத்துக்கிட்டே கூப்பிடறப்ப போற பட்டாளம். 11 மாசம் வெளிநாட்டு டியூட்டி. சின்ன கம்பெனி, 20 பேர் இருப்போம், நான் டெஸ்டிங். இப்ப வண்டில இருக்கேன், அப்புறம் வரேன்

பழம்_தின்னவர்
20 பேரா? கதை முடிஞ்சது. 50 பேருக்கு கீழ இருக்கற கம்பெனிக்கு இந்த வேலை பாதுகாப்பெல்லாம் கிடையாது. குடுக்கறத வாங்கிக்கறது புத்திசாலித்தனம்.

சப்ளை_சார்ஜன்ட்
கண்ணன், தயவுசெய்து மேல இருக்கற பதில நம்பி கையெழுத்து போட்டுடாதீங்க. 50 பேர் கணக்கு எஃப்எம்எல்ஏவுக்கு, அது குடும்பத்துக்கும் உடம்பு முடியாததுக்கும் எடுக்கற லீவு. உங்களுக்கு வர்றது யூசெர்ரா, பட்டாளத்துக்கு போயிட்டு வர்றவங்க வேலைய காக்கற 1994 சட்டம். அதுல ஆள் கணக்கே இல்ல, கடையில ஒரே ஒரு ஆள் வேலை பாத்தாலும் செல்லும். நான் ஆர்மி ரிசர்வ்ல சப்ளை பாத்தவ, ரெண்டு தடவ போயிட்டு வந்து ரெண்டு தடவயும் இதே சண்டை போட்டிருக்கேன்.

சில விஷயம் மட்டும் சொல்லுங்க. ஆர்டர்ல டைட்டில் 10னு, அதாவது மத்திய அரசு கூப்பிட்டதுன்னு இருக்கா? (வெளிநாடுன்னா அதுவாத்தான் இருக்கும். கவர்னர் கூப்பிட்டு போற வெள்ளம், புயல் டியூட்டின்னா கதை வேற, பெரும்பாலும் அந்த மாநில சட்டத்த பாக்கணும்.) டியூட்டி முடிஞ்ச தேதி என்ன, மேனேஜருக்கு போன் போட்டது என்னிக்கு? போறதுக்கு முன்னாடி கம்பெனில சொன்னீங்களா? பர்மனென்டா, இல்ல மூணு மாச கான்ட்ராக்ட் மாதிரியா?

ஹெச்ஆர்_ஹேமா
நான் ஹெச்ஆர்ல இருக்கேன், எங்க பக்கத்துலேருந்து சொல்றேன். போன்ல கேட்டதெல்லாம் கணக்குல வராது, மெயில் இருக்கணும். எதுவா இருந்தாலும் மெயில், மெயில், மெயில்.

சப்ளை_சார்ஜன்ட்
சட்டப்படி வாயால கேட்டாலே போதும் ஹேமா. போறதுக்கு முன்னாடி சொல்றதும் அப்படித்தான், வந்தப்புறம் வேலை கேக்கறதும் அப்படித்தான். ஆனா நாளைக்கு அவர் அப்படி கேக்கவே இல்லன்னு சொல்லிட்டா என்ன பண்றது, அதனால கண்ணன், இன்னிக்கே ஒரு மெயில் தட்டி விடுங்க, இன்ன தேதில போன்ல பேசினோம், நான் திரும்ப வேலைக்கு வர ரெடின்னு ரெண்டு வரி போதும். டியூட்டி 180 நாளுக்கு மேலன்னா வேலை கேக்க 90 நாள் டைம் இருக்கு. 31லேருந்து 180 வரைக்கும்னா 14 நாள்தான். போன மாசம்தான் வந்தீங்கன்னா நீங்க உள்ளதான் இருக்கீங்க. டிடி-214, அதான் சர்வீஸ் முடிஞ்சதுக்கான பேப்பர், கேப்பாங்க, அது இன்னும் கைக்கு வரலன்னாலும் அதயே சாக்கா வச்சு சேத்துக்கறத தள்ளிப்போட முடியாது.

பழம்_தின்னவர்
நான் பொதுவா சொன்னேன். சின்ன கம்பெனி எத்தன நாள் சீட்ட காலியா வச்சிருக்கும்? அதுவும் கட்டாயமா இழுத்துட்டு போனா பரவால்ல, இவர் விரும்பி சேந்தவர்.

சிங்கை_செல்வா
அதானே, இங்க எங்களுக்கு கட்டாயம், நாங்க போகலன்னா கேஸ். அங்க தானா போய் சேர்றாங்க.

சப்ளை_சார்ஜன்ட்
விரும்பி போனாலும் கூப்பிட்டு போனாலும் யூசெர்ராவுக்கு ஒன்னுதான். ஒரே முதலாளிகிட்ட இருக்கும்போது மொத்தமா 5 வருஷத்துக்கு மேல போகக்கூடாது, அவ்ளோதான் வரம்பு. மாசாந்திர ட்ரில், வருஷாந்திர பயிற்சி, கட்டாய மொபிலைசேஷன் இதெல்லாம் அந்த 5ல சேராது.

ஹெச்ஆர்_ஹேமா
எல்லாம் சரி, ஆனா அந்த இடத்துக்கு வந்தவர யாராவது நெனச்சீங்களா? அவருக்கும் புள்ளகுட்டி இருக்கும்ல. வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது, இவர் வந்தவுடனே நீ கிளம்புன்னா அது மட்டும் நியாயமா?

நடுராத்திரி_நாயகன்
அத ஆள் எடுக்கும்போதே சொல்லி எடுத்திருக்கணும், இது தற்காலிகம்னு. முதலாளி பண்ண தப்புக்கு ரெண்டு தொழிலாளி அடிச்சுக்கணுமா

ஹெச்ஆர்_ஹேமா
சொல்லி எடுத்தா நல்ல ஆள் வரமாட்டாங்க. நாற்காலில உக்காந்து பாத்தாதான் தெரியும்.

கோவை_டிஏ
நாற்காலி பேச்சு வந்ததால சொல்றேன், எங்க ஆபீஸ்ல ஒருத்தர் மெடிக்கல் லீவுல போயிட்டு வந்தப்ப அவர் நாற்காலியே ஸ்டோர் ரூம்ல இருந்துச்சுங்க, அதுல பழைய ஃபைல அடுக்கி வச்சிருந்தாங்க

சப்ளை_சார்ஜன்ட்
ஹேமா, வருத்தம்தான், நான் இல்லங்கல. ஆனா புது ஆள் இருக்கார்ங்கறது சட்டத்துல காரணமே கிடையாது. நடுவுல அந்த டீமையே மூடிட்டாங்க, இவர் இருந்திருந்தாலும் லேஆஃப்ல போயிருப்பார்னா அது வேற, அதயும் முதலாளிதான் நிரூபிக்கணும்.

கண்ணன், நீங்க கேக்க மறந்த ஒன்னு இருக்கு. உங்களுக்கு பழைய சீட்டு மட்டும் இல்ல, போகாம இருந்திருந்தா இப்ப எங்க இருப்பீங்களோ அந்த இடம் வரணும். 1946லயே சுப்ரீம் கோர்ட் சொன்னது, எஸ்கலேட்டர் கணக்கு: நீங்க இறங்கிப் போனாலும் படி ஏறிட்டே இருக்கும், திரும்ப வந்து ஏறும்போது அந்த உயரத்துல ஏறணும். உங்க கூட இருந்தவங்களுக்கு எல்லாம் இன்க்ரிமென்ட் வந்திருந்தா உங்களுக்கும். 90 நாளுக்கு மேல போனவங்களுக்கு அதே சீட்டுக்கு பதிலா அதே சீனியாரிட்டி, மதிப்பு, சம்பளம் உள்ள வேற இடம் தரலாம், ஆனா சம்பளம் கொறஞ்ச சப்போர்ட் வேலை அதுல வராது. 180 நாள் தாண்டினதால சேந்தப்புறம் ஒரு வருஷத்துக்கு சரியான காரணம் இல்லாம வெளிய அனுப்பவும் முடியாது. இன்சூரன்ஸ்ல திரும்ப சேர வெயிட்டிங் பீரியட் கிடையாது, அதயும் கேட்டு வாங்குங்க.

வக்கீலுக்கு ஓடறதுக்கு முன்னாடி ஈஎஸ்ஜிஆர்ல கூப்பிடுங்க, டிஃபென்ஸ் டிபார்ட்மென்ட்டோடது, காசு கிடையாது, ஆம்பட்ஸ்மன் ஒருத்தர் உங்க கம்பெனிகிட்ட பேசுவார். பாதி முதலாளிங்களுக்கு இப்படி ஒரு சட்டம் இருக்கறதே தெரியாது, சொன்னா கேட்டுக்கறாங்க. கேக்கலன்னா லேபர் டிபார்ட்மென்ட்ல வெட்ஸ்னு ஒரு பிரிவு, அங்க 1010 ஃபாரம்ல கம்ப்ளைன்ட் குடுக்கலாம். அந்த பேப்பர்ல என்ன எழுதியிருக்குன்னு முதல்ல இங்க சொல்லுங்க.

பழம்_தின்னவர்
ஈஎஸ்ஜிஆர் பத்தி நானே சொல்லலாம்னுதான் இருந்தேன்.

நடுராத்திரி_நாயகன்
சொல்லுவீங்க சொல்லுவீங்க

ஹெச்ஆர்_ஹேமா
வெள்ளிக்கிழமை ஆயிடுச்சு. கண்ணன் இருக்காரா? கையெழுத்து போட்டுட்டாரா?

சப்ளை_சார்ஜன்ட்
கண்ணன்??

கார்டு_கண்ணன்
ஸாரி அக்கா, போன் டிஸ்ப்ளே போயிடுச்சு. கையெழுத்து போடல. ஈஎஸ்ஜிஆர் ஆள் எங்க ஓனர்கிட்ட பேசினார், ஓனருக்கு நிஜமாவே தெரியலயாம். திங்கக்கிழமை பழைய டீமுக்கே வர சொல்லிட்டாங்க, பழைய சம்பளம். அந்த புது ஆளும் இருக்கார், அவர அனுப்பல. என் கூட சேந்தவன் நடுவுல டீம் லீட் ஆயிட்டான், அத பத்தி கேட்டா பாக்கலாம்ங்கறாங்க. ரொம்ப தேங்க்ஸ் எல்லாருக்கும்

சப்ளை_சார்ஜன்ட்
பாக்கலாம்னா விடாதீங்க, அத மெயில்ல கேளுங்க. அவரும் நீங்களும் ஒரே தேதில சேந்தவங்களா? லீட் சீனியாரிட்டில குடுத்தாங்களா, இன்டர்வியூ வச்சு எடுத்தாங்களா? அதுலதான் விஷயமே இருக்கு. இன்சூரன்ஸ் என்ன ஆச்சு?

ஹெச்ஆர்_ஹேமா
மெயில்னு நான் அப்பவே சொன்னேன்.

சிங்கை_செல்வா
அப்ப அந்த 11 மாசத்துக்கு கம்பெனி சம்பளமே குடுக்கலயா? மேக்கப் பே மாதிரி ஒன்னுமே இல்லயா?

சப்ளை_சார்ஜன்ட்
கம்பெனி குடுக்கணும்னு கட்டாயம் இல்ல. சிலர் தானா வித்தியாசத்த குடுப்பாங்க. கண்ணன், லீட் விஷயம் என்ன ஆச்சுன்னு ஒரு வரி போடுங்க.

புதுசு_2
வணக்கம் நண்பர்களே, எனக்கும் இதே பிரச்சனைதான், ஆர்டர் முடிஞ்சு வந்தேன் வேலை இல்லங்கறாங்க, என்ன பண்ணலாம்?

பழம்_தின்னவர்
எந்த நாடு.